700 அடி வண்டித்தடத்துக்கு எது சரி: ஜேசிபியா, லெவலரா, கொழு வைத்த பாக்ஸ் பிளேடா?

காங்கேயத்துக்குத் தெற்கே, தாராபுரம் போகிற பக்கம் எங்கள் தோட்டம். தென்னை நாலு ஏக்கர், கொறங்காடு (மாடு மேய்கிற புல்காடு) மூணு ஏக்கர், மிச்சம் மாட்டுக்குச் சோளத்தட்டு. தார் ரோட்டிலிருந்து களத்துக்கு வர 700 அடி வண்டித்தடம். பாதித் தூரம் பழைய இட்டேரி, இரண்டு பக்கமும் கிளுவை வேலி. மீதி தென்னைக்கு நடுவே வரும். வெயில் காலத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாத இந்தத் தடம், ஐப்பசியில் நாலு நாள் மழை பிடித்தால் போதும், பல்லைக் காட்டிவிடும். காலையில் பால் வண்டிக்காரர் போன் போடுவார்: "அண்ணா, கேனை ரோட்டு மேலயே கொண்டாந்து வெச்சிருங்க, உள்ள வந்தா வண்டி இறங்கீரும்." தேங்காய் லோடு ஏற்ற வந்த லாரி ஒரு முறை அச்சு வரை இறங்கி, அதை இழுக்கப் போன எங்கள் டிராக்டரும் கூடவே இறங்கி நின்றதை ஊரே வந்து பார்த்தது.

அந்த லாரி விஷயத்துக்கு அப்புறம்தான் இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று உட்கார்ந்தேன். வழிகள் நாலு இருந்தன. எப்போதும் போல ஜேசிபி கூப்பிடுவது. இருக்கிற கலப்பையோடு சாதா லெவலர் ஒன்று வாங்கிச் சேர்ப்பது. லேசர் லெவலர் வாடகைக்கு எடுப்பது. இல்லை, நம் ஊரில் அதிகம் பேர் பார்த்திராத, முன்னால் கொழு வரிசையும் (தரையைக் கீறும் இரும்புப் பற்கள்) பின்னால் பெட்டியுமாக இருக்கும் பாக்ஸ் பிளேடைச் செய்து வாங்குவது. நாலாவதைத்தான் செய்தேன். அது எல்லோருக்கும் பொருந்துமா என்றால், பொருந்தாது. யாருக்குப் பொருந்தும், எதனால் பொருந்தும் என்பதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் தடம் ஏன் கெடுகிறது என்று பார்த்துவிடலாம். இது புரியாமல் கருவி வாங்கினால் காசு போய்விடும். நானும் பல வருடம் குழி விழுந்த இடத்தில் ஒரு டிராலி செம்மண் கிராவல் கொட்டி, மண்வெட்டியால் இழுத்துவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்தவன்தான். அடுத்த மழைக்கு அதே இடத்தில் அதே குழி வரும். குழியின் அடியும் ஓரமும் சட்டி மாதிரி இறுகிப்போயிருக்கும். அதற்குள் போட்ட மண் சட்டிக்குள் கிடக்கும் சோறு மாதிரி தனியாகத்தான் கிடக்கும், தரையோடு சேராது. தண்ணீர் இறங்கினால் முதலில் கரைந்து போவதும் அதுதான். குழி 4 அங்குல ஆழம் என்றால் அதைச் சுற்றியுள்ள நல்ல தரையையும் 4 அங்குலம் கிளறிவிட வேண்டும். பழைய மண்ணையும் புது மண்ணையும் கலந்து பரப்பி, ஈரத்தோடு அமுக்கினால்தான் ஒரே உடம்பாகப் பிடிக்கும்.

அடுத்தது தண்ணீர். தடம் ஆமை முதுகு மாதிரி நடுவில் உயர்ந்து இரண்டு பக்கமும் சரிய வேண்டும். மண் ரோட்டுக்கு 4 சதவீதச் சரிவு என்பது பொதுவான கணக்கு. எங்கள் தடம் 10 அடி அகலம். நடுவிலிருந்து ஓரத்துக்கு 5 அடி. அப்படியானால் நடு மேடு ஓரத்தைவிட ஏறக்குறைய இரண்டரை அங்குலம் உயரமாக இருக்க வேண்டும். எங்கள் தடத்தில் அது தலைகீழாக இருந்தது. நடுவில் பள்ளம், ஓரத்தில் வரப்பு. மழைத் தண்ணீருக்கு நாங்களே வாய்க்கால் வெட்டிக் கொடுத்த மாதிரி.

இனிமேல் பார்க்கப் போகிற ஒவ்வொரு கருவியிடமும் நாலு கேள்வி கேட்டேன். இறுகிய தரையைக் கிளறுமா? கிளறிய மண்ணை மேட்டிலிருந்து அள்ளிப் பள்ளத்துக்குக் கொண்டு போகுமா? நடு உயர்த்திச் சரிவு கொடுக்குமா? மழை விட்டு மண் பதமாக இருக்கும் இரண்டு நாளில் கையில் கிடைக்குமா? கடைசிக் கேள்வியை நான் முதலில் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் மற்ற மூன்றையும் விட அதுதான் முடிவு செய்தது.

ஜேசிபி

பலத்தில் ஜேசிபிக்கு நிகர் இல்லை. 3டிஎக்ஸ் வண்டியின் முன் பக்கெட் ஒரு அள்ளுக்கு 1.1 கன மீட்டர் எடுக்கும். நம் கணக்கில் ஏறக்குறைய 39 கன அடி. மூன்று அள்ளு அள்ளினால் ஒரு யூனிட்டுக்கு (100 கன அடி) மேல். பக்கத்தில் ஓடை வெட்ட வேண்டும், தடத்துக்குக் குறுக்கே சிமெண்ட் குழாய் பதிக்க வேண்டும், பட்டுப்போன தென்னையின் தூரைப் பிடுங்க வேண்டும் என்றால் வேறு எதையும் யோசிக்காமல் ஜேசிபியைக் கூப்பிடுங்கள். டிராக்டர் பிளேடு வாங்கியவர்கள் அதையே வைத்து எல்லாம் செய்துவிடலாம் என்று தூரில் போய் முட்டுவதைப் பார்த்திருக்கிறேன். கருவிதான் வளையும்.

ஆனால் தடம் பரப்புகிற வேலை வேறு. ஆபரேட்டர் பக்கெட்டைக் கவிழ்த்துப் பின்னால் இழுத்துத்தான் சமன் செய்வார். கை வந்த ஆபரேட்டர் கண்ணாடி மாதிரி இழுத்துக் கொடுப்பார். எல்லோருக்கும் அந்தக் கை வராது. அதோடு மழை விட்ட மூன்றாம் நாள் சுற்றுவட்டாரம் முழுக்க ஜேசிபி தேவைப்படும். ஒரு வருடம் நான் சொல்லி வைத்து 11 நாள் கழித்து வண்டி வந்தது. அதற்குள் தடம் கல்லாகக் காய்ந்துவிட்டது. வந்த தம்பிக்கும் அடுத்த இடத்துக்குப் போகிற அவசரம். பக்கெட் பல்லால் சுரண்டி, மேலே இருந்த நல்ல கிராவலை முழுக்க வேலிக்குத் தள்ளிவிட்டு, அடியில் இருந்த சுக்கான் கல்லை வெளியே எடுத்து வைத்துவிட்டுப் போனார். பார்வைக்குச் சமமாகத்தான் இருந்தது. அந்தக் கல்லில் ஏறி இறங்கி டிராலி டயர் இரண்டு போனது.

எங்கள் பக்கம் வாடகை மணிக்கு 1,200 ரூபாயை ஒட்டி. வருடம் இரண்டு முறை, முறைக்கு 4 மணி நேரம் என்றால் 9,600 ரூபாய்.

இருக்கிற கலப்பையும் ஒரு லெவலரும்

இது சித்தப்பா சொன்ன யோசனை. "ஒம்போது கொழுக் கலப்பை சும்மாதான கிடக்குது, அதுல ஒரு கீறு கீறிட்டு, லெவலரப் போட்டு இழுத்தா ஆச்சு. அதுக்குப் போயி எதுக்குத் தனியா ஒண்ணு?" காசு கணக்கில் அவர் சொன்னது சரி. சாதா லெவலர் எந்தக் கடையிலும் கிடைக்கும், பாக்ஸ் பிளேடில் பாதி விலைகூட வராது.

ஒரு சீசன் அப்படித்தான் செய்து பார்த்தேன். ஸ்பிரிங் கலப்பை இறுகிய தரையில் துள்ளும். பிடித்த இடத்தில் ஆறு அங்குலம் போகும், பிடிக்காத இடத்தில் மேலேயே வழுக்கிக்கொண்டு போகும். பத்தடித் தடத்தை இரண்டு முறை ஓட்டியதும் அது உழவுக்காடு மாதிரி ஆகிவிட்டது. தடத்துக்கு வேண்டியது 3, 4 அங்குலக் கிளறல். கலப்பைக்கு அந்த அளவு தெரியாது, தரை விட்ட ஆழத்துக்கு அது இறங்கும்.

அப்புறம் லெவலர். அது இரண்டு பக்கமும் திறந்த ஒற்றைத் தகடு. மண்ணைத் தள்ளும், ஆனால் பிடித்து வைக்காது. இருபது அடி போவதற்குள் இரண்டு ஓரத்திலும் மண் வழிந்து வரப்பு கட்டிவிடும். பள்ளம் வரும்போது முன்னால் மண்ணே இருக்காது. ஆனால் சாய்த்து வைத்து ஓட்டினால் ஓர ஓடையைச் சுத்தம் செய்ய, ஒரு பக்க மண்ணை நடுவுக்கு ஒதுக்க லெவலரை அடிக்க முடியாது. அந்த வேலைக்குப் பாக்ஸ் பிளேடைவிட அதுதான் கெட்டிக்காரன். தடத்தில் நல்ல மண் நிறைய இருக்கிறது, ஓரத்துக்கு ஒதுங்கிவிட்டது, அதை நடுவுக்குக் கொண்டு வந்தால் போதும் என்ற நிலைமை உங்களுக்கு இருந்தால் சித்தப்பா பேச்சைக் கேளுங்கள்.

என்னைச் சலிக்க வைத்தது வேறொன்று. கலப்பையைக் கழற்றி லெவலரை மாட்டுவது, கீறல் போதவில்லை என்று லெவலரைக் கழற்றித் திரும்பவும் கலப்பை மாட்டுவது. ஒவ்வொரு முறைக்கும் கால் மணி நேரம், இரண்டு ஆள். மூன்றாவது முறைக்கு, கிளறாவிட்டால் பரவாயில்லை என்று மேலோட்டமாக இழுத்து முடித்துவிடுவோம். அங்கேதான் அடுத்த குழிக்கு விதை விழுகிறது.

லேசர் லெவலர்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நெல் வயலுக்கும், தண்ணீர் பாய்ச்சும் பெரிய காட்டுக்கும் இதைவிட நல்ல கருவி கிடையாது. காட்டோரம் முக்காலியில் நிற்கும் லேசர் சுற்றிச் சுற்றிக் கதிர் அனுப்பும். பக்கெட் மேல் கம்பத்தில் இருக்கும் கண் அதைப் பிடித்து, ஹைட்ராலிக்கை அதுவாகவே ஏற்றி இறக்கும். ஆனால் அது உழுது போட்ட மண்ணைத்தான் இழுக்கும், இறுகிய தரையைக் கிளறாது. பத்தடி அகலத்தில், இரண்டு பக்கமும் சரிவு வேண்டும் என்ற இடத்தில் அதற்கு வேலை இல்லை. வயல் சமன் செய்வதற்காக இந்தக் கட்டுரையைப் படிக்க வந்திருந்தால் இங்கேயே நிறுத்திக்கொண்டு, லேசருக்கு வாடகை பேசிவிடுங்கள். வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் வாடகைக்கு என்னென்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவதும் நல்லது.

பாக்ஸ் பிளேடு

அடிப்பக்கம் திறந்த ஒரு இரும்புப் பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் தகடு, பின்னால் முதுகோடு முதுகாக இரண்டு வெட்டுப் பட்டைகள். ஒன்று முன்னோக்கி வெட்டும், மற்றொன்று பின்னோக்கி. பெட்டிக்கு முன்னால் ஒரு குறுக்குச் சட்டத்தில் ஐந்தாறு கொழு. ஒவ்வொரு கொழுவுக்கும் மூன்று நாலு துளை. துளையில் செருகியிருக்கும் பின்னை (இரும்பு ஆணியை) உருவி ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். வேண்டாம் என்றால் முழுக்க மேலே தூக்கிப் பின் போட்டுவிடலாம். கொழு கிளறும், பின்னாலேயே பட்டை வெட்டும், வெட்டிய மண் பெட்டிக்குள் சேரும், பள்ளம் வந்ததும் அடி வழியாகத் தானாக இறங்கும். ஒரே ஓட்டத்தில் எல்லாம் நடக்கும். கழற்றி மாட்டுகிற வேலை கிடையாது.

எவ்வளவு மண் பிடிக்கும்? எங்களுடையது 6 அடி அகலம், ஒன்றரை அடி உயரம், 2 அடி ஆழம். பெருக்கினால் 18 கன அடி. ஆனால் மண் பெட்டிக்குள் சரிவாகத்தான் நிற்கும். நடைமுறையில் 10 கன அடி வைத்துக்கொள்ளலாம். ஒரு யூனிட் மண்ணை நகர்த்தப் பத்து நடை. ஜேசிபிக்கு முன்னால் இது பொம்மைதான். ஆனால் தடத்தில் நகர்த்த வேண்டியது ஒரு தடவைக்கு இரண்டு, மூன்று யூனிட்டுக்கு மேல் வராது.

இதற்குத் தங்கச்சி மாதிரி இன்னொரு கருவி உண்டு, லேண்ட் பிளேன். நீளமான இரண்டு சறுக்குச் சட்டத்துக்கு நடுவில் இரண்டு பட்டை. சட்டம் நீளமாக இருப்பதால் அதுவே மேடு பள்ளத்தைச் சராசரியாக்கிவிடும், ஓட்டுகிறவருக்குப் பழக்கம் குறைவாக இருந்தாலும் போதும். ஆனால் மண்ணை ஓரிடத்தில் பிடித்து இன்னோரிடத்தில் கொண்டுபோய் இறக்காது, பின்னால் தள்ளவும் செய்யாது. மாட்டுச் சாளை (கொட்டகை) மூலையில் சேர்ந்த மண்ணை ரிவர்ஸில் போய்த் தள்ள எனக்குப் பெட்டிதான் வசதி. வெறும் தடம் மட்டும் என்றால் லேண்ட் பிளேனையே செய்திருப்பேன்.

பட்டறையில் நடந்தது

கடைகளில் பாக்ஸ் பிளேடு என்றால் லெவலரைக் காட்டினார்கள். படம் காட்டினால், "இதுவும் அதுதானுங்க" என்றார்கள். கடைசியில் ஒரு பட்டறையில் கிலோ கணக்குப் பேசிச் செய்தேன். இதில் நான் பட்டது நீங்கள் படாமல் இருக்க மூன்று விஷயம்.

முதலில் எடை. சிக்கனமாக இருக்கட்டும் என்று பட்டறைக்காரர் 5 மில்லி தகட்டில் முடித்துக் கொடுத்தார். மொத்தம் 170 கிலோ. காட்டில் இறக்கியதும் கொழு நுனி தரையில் கோலம் போட்டதே தவிர உள்ளே போகவில்லை. கருவி கனமாக இருந்தால்தான் கொழு இறங்கும். அகலத்தில் ஒரு அடிக்கு 45 கிலோவுக்குக் குறையக் கூடாது என்பதை அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். 6 அடிக்கு 270 கிலோ. பக்கத் தகட்டை மாற்றி, மேலே கனத்த சட்டம் வைத்து 290 கிலோவுக்குக் கொண்டு வந்தோம். மாசி பெர்குசன் 241 போன்ற 42 குதிரைத் திறன் டிராக்டருக்கு இது தூக்குகிற பாரமே இல்லை. அதன் லிஃப்ட் 1,700 கிலோவுக்கு உரியது.

அடுத்தது கொழு. லாரி ஸ்பிரிங் பட்டாவில் செய்து, சட்டத்தோடு வெல்டிங் வைத்துவிட்டார்கள். பட்டா நல்ல இரும்புதான். ஆனால் கார்பன் அதிகம், வெல்டிங் சூடு பட்ட இடத்தில் நொறுங்கும் தன்மை வந்துவிடும். முதல் நாளே ஒரு கொழு சுக்கான் கல்லில் மாட்டி, வெல்டிங்கை ஒட்டிக் கண்ணாடி மாதிரி ஒடிந்தது. ஒடிந்த இடம் பளபளவென்று கற்கண்டு உடைந்த மாதிரி இருந்தது, கொஞ்சம்கூட வளையவில்லை. கொழுவை வெல்டிங் செய்யாதீர்கள். சதுரக் கூடு வைத்து அதற்குள் கொழுத் தண்டு நுழைந்து பின்னில் நிற்க வேண்டும். நுனி மட்டும் தனியாகக் கழன்று மாற்றும்படி இருந்தால் இன்னும் நல்லது, தேய்வது அதுதான். வெட்டுப் பட்டைக்கும் அப்படியே, போல்ட் போட்டுக் கழற்றுகிற மாதிரிக் கேளுங்கள். ஒரு பக்கம் தேய்ந்தால் திருப்பிப் போடலாம்.

மூன்றாவது பின் அளவு. டிராக்டருக்குப் பின்னால் கருவியை மாட்டுகிற மூன்று முனை இணைப்பில் (கீழே இரண்டு லிங்க், மேலே டாப் லிங்க்) முதல் வகைக்குக் கீழ் லிங்க் பின் 22 மில்லி, டாப் லிங்க் பின் 19 மில்லி. இரண்டாம் வகைக்கு 28, 25. உங்கள் வண்டியில் எது என்று அளந்து எழுதிக் கொடுங்கள். "எல்லா வண்டிக்கும் ஒண்ணுதானுங்க" என்று சொல்வார்கள். லொடலொடவென்று ஆடுகிற பின்னோடு நல்ல தடம் போட முடியாது.

அகலத்துக்கு ஒரே விதிதான். பின் டயர் இரண்டின் வெளி ஓரத்தையும் பிளேடு மூட வேண்டும். ஒரு கை அளவு கூட இருந்தால் நல்லது. குறைந்தால், பிளேடு சமன் செய்த ஓரத்தில் டயர் தடம் வரியாக விழுந்துகொண்டே இருக்கும்.

வெட்டுப் பட்டை, மறுபடி செய்த கூலி எல்லாம் சேர்த்து 41,000 ரூபாய் ஆனது. முதலிலேயே சரியாகச் சொல்லியிருந்தால் அஞ்சாறாயிரம் மிச்சமாகியிருக்கும். மானியம் வாங்க நினைப்பவர்கள் ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம் என்பதெல்லாம் அங்கீகரித்த கம்பெனியின் அங்கீகரித்த கருவிக்குத்தான். ஊர்ப் பட்டறையில் அடித்ததற்குக் கிடையாது. வாங்குவதற்கு முன்னால் பொறியியல் துறையில் கேளுங்கள், வாங்கிய பிறகு கேட்டுப் பயன் இல்லை.

கணக்குப் போட்டால் லாபம் இல்லை

வருடம் நாலு தடவை ஓட்டுகிறேன். தடவைக்கு இரண்டரை மணி நேரம், மணிக்கு 4 லிட்டர், ஆக 10 லிட்டர் டீசல். லிட்டர் 93 என்று வைத்தால் 930 ரூபாய், வருடத்துக்கு 3,720. ஜேசிபிக்குக் கொடுத்துவந்த 9,600-ல் இதைக் கழித்தால் மிச்சம் 5,880. போட்ட 41,000 திரும்பி வர ஏழு வருடம். என் நேரத்துக்கும் டிராக்டர் தேய்மானத்துக்கும் ஒரு பைசா போடாமலே இந்தக் கணக்கு. வெறும் காசுக்காக இதை வாங்காதீர்கள்.

நான் வாங்கியது பதத்துக்காக. எங்கள் செம்மண்ணில் மழை விட்டு இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும்தான் வேலை. ஒரு பிடி எடுத்து அமுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அதற்கு முன்னால் இறக்கினால் பிளேடில் அப்பிக்கொள்ளும். அதற்குப் பிறகு என்றால் கட்டி கட்டியாகப் பெயர்ந்து, வண்டி போகப் போகப் புழுதியாகிவிடும். அந்த இரண்டு நாளில் கிளறிப் பரப்பி அமுக்கிய தடம் அடுத்த மழையைத் தாங்குகிறது. பத்து நாள் கழித்து எவ்வளவு பெரிய வண்டி வந்து செய்தாலும் தாங்குவதில்லை. ஓடை வெட்டுவது, குழாய் பதிப்பது, காடு சமன் செய்வது எல்லாம் அடுத்த வாரத்துக்குத் தள்ளலாம், அதனால் அதற்கு வாடகை போதும். இந்த வேலையைத் தள்ள முடியாது. அதனால்தான் கருவி வீட்டிலேயே நிற்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஓட்டுவது

முதல் நாள் நான் போட்ட தடத்தைக் கடல் அலை என்றுதான் சொல்ல வேண்டும். முன் சக்கரம் ஒரு மேட்டில் ஏறினால் பின்னால் பிளேடு இறங்கும், இறங்கினால் ஆழமாக வெட்டும். உடனே லீவரைத் தூக்குவேன். அதற்குள் முன் சக்கரம் பள்ளத்தில் இறங்கி, பிளேடு தானாகவே மேலே வந்திருக்கும். நான் தூக்கியதும் சேர்ந்து, வெட்டிய மண் முழுக்க அங்கே கொட்டிவிடும். இருபது அடிக்கு ஒரு மேடு, ஒரு பள்ளம். பால் வண்டிக்காரர் அன்றைக்குத் தைரியமாக உள்ளே வந்துவிட்டு, "அண்ணா, குழியே தேவலைங்க" என்றார்.

லீவரை விட்டுக் கையை எடுத்ததுதான் திருத்தம். முதல் கியர், லோ. லிஃப்ட்டை பொசிஷன் லீவரில் (உயரத்தைப் பிடித்து வைப்பது) ஒரு உயரத்தில் வைத்துவிட்டுத் தொடாமல் போக வேண்டும். டிராஃப்ட் லீவரில் வைத்தால் இழுவை கூடும்போதெல்லாம் வண்டி தானாகவே பிளேடைத் தூக்கும். உழவுக்கு அது வரம், தடத்துக்குச் சாபம். பக்கச் சங்கிலி இரண்டையும் ஆட்டம் இல்லாமல் இறுக்கிக்கொள்ள வேண்டும்.

மற்றதெல்லாம் டாப் லிங்க்கில் இருக்கிறது. அதைச் சுற்றிக் குறைத்தால் பெட்டி முன்பக்கம் கவிழும், கொழு இறங்கும், முன் பட்டை ஆவேசமாக வெட்டும். நீட்டினால் பெட்டி பின்னால் சாயும், கொழு தூக்கிக்கொள்ளும், பின் பட்டை தரையைத் தேய்த்துக்கொண்டு வரும். சாணி மெழுகும்போது கை சாய்கிற மாதிரி. நான் செய்கிற வரிசை இது: கொழுவை இரண்டாம் துளையில் இறக்கி, டாப் லிங்க்கை மூன்று சுற்று குறைத்து, தடம் முழுக்க இரண்டு ஓட்டம் கிளறல். குழியின் அடிமட்டம் வரை போயிருக்கிறதா என்று இறங்கி மண்வெட்டியால் ஒரு இடத்தில் தோண்டிப் பார்த்துக்கொள்வேன். பிறகு கொழுவை முழுக்கத் தூக்கிவிட்டு, டாப் லிங்க்கை நடு நிலையில் வைத்து இரண்டு, மூன்று ஓட்டம் மண்ணைப் பரப்பல். கடைசியாக நீட்டி வைத்து ஒரு மெழுகல். நடு உயர்த்துவதற்கு வலது கீழ் லிங்க்கின் கைப்பிடியைச் சுற்றி வலது மூலையைக் கொஞ்சம் தாழ்த்தினால் போதும். வலது ஓரம் தாழ்ந்து நடு நிற்கும். போகும்போது ஒரு பாதி, திரும்பி வரும்போது மறு பாதி. எல்லாம் முடிந்ததும் டிராலியில் தேங்காயோ தண்ணீர் டேங்கோ ஏற்றி நாலு முறை ஓட்டினால் ரோலர் வாடகை மிச்சம்.

கொழு தரையில் இருக்கும்போது திரும்பாதீர்கள், ரிவர்ஸும் எடுக்காதீர்கள். கொழு வளையும், இல்லையென்றால் கீழ் லிங்க் வளையும். கல்லில் மாட்டி முன் சக்கரம் லேசாகத் தூக்கினால் ஆக்சிலேட்டரை மிதிக்காமல் கிளட்சை மிதியுங்கள், பிளேடைத் தூக்கிப் பின்னால் வந்து, கடப்பாரையால் கல்லை எடுங்கள். பின்னை மாற்ற இறங்குவதற்கு முன்னால் பிளேடு தரையில் இருக்க வேண்டும். ஹைட்ராலிக்கை நம்பி 290 கிலோவுக்கு அடியில் கை வைக்கக் கூடாது.

மண் பற்றி ஒரு வார்த்தை. குளத்து வண்டல் மண்ணை வட்டாட்சியர் அனுமதியோடு இலவசமாக எடுக்கலாம் என்று 2024-ல் அரசு எளிதாக்கியதும், எங்கள் பக்கம் சிலர் அதையே தடத்துக்கும் கொட்டிப் பார்த்தார்கள். அந்த அனுமதியே வயலுக்குக் கொடுத்தது. வண்டல் தென்னைக்கு மருந்து, தடத்துக்குச் சேறு. தடத்துக்குக் கல்லும் களியும் கலந்த கிராவல்தான் வேண்டும்.

போன மாதம் மேற்குத் தோட்டத்து மாமா வந்து பிளேடைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "மாப்ள, இதே மாதிரி எனக்கும் ஒண்ணு சொல்லிரு, ஆறு ஏக்கரும் மட்டம் பண்ணோணும்." மக்காச்சோளக் காட்டுக்குத்தான் கேட்கிறார் என்று தெரிந்ததும் லேசர் வாடகைக்காரரின் நம்பரைக் கொடுத்து அனுப்பினேன். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான், நான் தர மனசில்லாமல் சொல்கிறேன் என்று. களம் சமன் செய்ய ஒரு நாள் எடுத்துப் போனார். திருப்பிக் கொண்டுவந்து விடும்போது ஒரு கொழுவின் பின்னைக் காணோம், அதற்குப் பதிலாக ஆறு அங்குல ஆணியை மடக்கி விட்டிருந்தார். இன்னமும் அந்த ஆணிதான் நிற்கிறது.

இந்த ஐப்பசியில் பால் வண்டி மூன்று நாள் மட்டும் ரோட்டில் நின்றது. அதில் ஒரு நாள் தீபாவளி. அன்றைக்கு அவருக்கே உள்ளே வர மனசில்லை என்று நினைக்கிறேன்.